நாலுகால் பாய்ச்சல்

எலஹங்காவுக்கு அப்பால் ஞாயிறு காலை
இரும்புக் கோபுரத்தின் மூன்றாம் படியில் நான்.
இந்தப் பந்தயத்தில் ஓடுவதுதான் குற்றம்.
முன்வலதும் பின்னிடதும்
ஒன்றாய் எழுந்து ஒன்றாய் விழ வேண்டும்;
பின்னால் இருசக்கர வண்டி,
அதில் குந்தியிருக்கும் ஒரு மனிதன்.
ஜெயிப்பது யாரென்று பார்க்க வேறு ஆள் உண்டு.
எனக்குக் கால்கள் மட்டும்.

ஆறாவது பந்தயம், தெற்கு வளைவு.
ஏழாம் எண். நயாஸ் பாஷாவின் சாம்பல் குதிரை
தாளம் தப்பி
நாலுகால் பாய்ச்சலில் போனது.
கூட்டம் எழுந்து நின்று கத்தியது,
அதுவரை கொட்டாவி விட்ட கூட்டம்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
கடிவாளத்தை இழுத்தான்தான். அதற்குள்
இரண்டு வண்டிகள் பின்னால் போயிருந்தன.

“ஏழு. நடை முறிவு. இடம் பிடித்திருக்கிறது.”
வாக்கி-டாக்கியில் என் குரல்
ரேஷன் கடையில் ‘சர்க்கரை இல்லை’ என்பதுபோல் இருந்தது.

விசாரணை அறையில் அவன் மறுக்கவில்லை.
புருவத்தில் சேறு. கையெழுத்திட்டான்.
“எத்தனை எட்டு எண்ணுனீங்க, மேடம்?”
“பதினொண்ணு.”
“பன்னெண்டு. கடைசி ஒண்ணை
வளைவுத் தூண் மறைச்சிருக்கும்.”

பதினொன்றை அடித்து எழுதினேன்.
வெளியே யாரோ வாளியோடு நிற்க,
அது இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது,
காதுகள் முன்னால் விறைத்து.