ஈரப்பதம் பத்தொன்பது

கொள்முதல் நிலையத்தில் மூன்றாவது ராத்திரி.
என் டோக்கன் நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு வைத்தியலிங்கம்.
அரசலாற்றுக்கு வடகரைக் கல்லூரி,
முதுகில் ஒன்பதாம் நம்பர்,
தொண்ணூற்றெட்டில் என் கோலுக்குள் இரண்டு முறை
பந்தை அனுப்பியவன்.
இப்போது தார்ப்பாய் ஓட்டையை
சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டிருக்கிறான்.

"எப்பவும் நாங்கதான் முன்னாடி" என்றான் திடீரென்று.
டோக்கனைச் சொல்கிறானோ என்று பார்த்தேன்.
இல்லை.
இருபத்தாறு வருஷம், இருபத்தாறு ஆட்டம்.
பதினொன்று அவர்களுக்கு,
பத்து எங்களுக்கு,
ஐந்து யாருக்கும் இல்லை.

"பத்து இல்ல, பதினொண்ணு.
மழையில நின்னுபோன ஆட்டத்துல
நாங்கதானே ஒரு கோல் கூட?"

"நின்னுபோன ஆட்டத்துக்கு ஏதுய்யா கணக்கு?
தண்ணி நின்ன வயலுக்கு
மகசூல் எழுதுவியா நீ?"

ரெண்டு குவியல் தள்ளி ஒரு டார்ச் எரிந்தது.
மங்கையர்க்கரசி.
எங்கள் கல்லூரிதான், விளையாட்டு அறையில்
பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவள்.
"பத்துதான். எழுதுனது நான்.
இப்ப தூங்குங்க ரெண்டு பேரும்."
துரோகி, என்றேன்.
டார்ச் அணைந்தது. சிரிப்பு கொஞ்ச நேரம் எரிந்தது.

பிறகு ஒருநாள் ஓர் அரசாணை வந்தது.
வடகரைக் கல்லூரி இனி வேறு பல்கலைக்கழகம்,
வேறு மண்டலம், வேறு பட்டியல்.
கட்டடம் அங்கேயேதான் நின்றது.
ஆறும் அங்கேயேதான் கிடந்தது, பாதி மணலாக.
பாலத்தில் ஏறினால் எட்டு நிமிஷம்.
ஆனால் அட்டவணையில் அவர்கள் பெயர் இருந்த கட்டத்தில்
பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று
வந்து உட்கார்ந்தது.
நல்ல பையன்கள். ஜெயித்தார்கள். கைகுலுக்கினார்கள்.
ஒரு கெட்ட வார்த்தைகூட
யாருக்கும் வாயில் வரவில்லை.

எடைத்தராசுப் பக்கம் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பையனை
வைத்தியலிங்கம் கூப்பிட்டான்.
நஜ்முதீன். பகலில் வடகரைக் கல்லூரி,
கொள்முதல் மாசத்தில் ராத்திரி இங்கே கூலி.
நடுவரிசையில் ஆடுகிறானாம்.

"தம்பி, நம்ம டீம் எத்தனாவது இடம்?"
"பன்னெண்டுல ஒம்பது."
"யார்கிட்ட கடைசியா தோத்தீங்க?"
"நெய்வேலிப் பக்கம் ஒரு காலேஜு. ஆறு பூஜ்யம்."

எனக்குத்தான் முதலில் கோபம் வந்தது.
அது ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
ஆறா? ஆறு வாங்குற வரைக்கும்
ஸ்டாப்பர் என்ன கரும்பு கடிச்சானா?
எங்களிடம் தோற்க வேண்டியவர்கள்
ஊர்பேர் தெரியாதவர்களிடம் போய்...
கத்திக்கொண்டே இருந்தேன்.
வைத்தியலிங்கம் ஒன்றும் சொல்லாமல்
நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"அண்ணே, நீங்க எந்த காலேஜு?"
சொன்னேன்.
"ஓ, அந்த பஸ் ஸ்டாப்பா.
அங்க டீம் இருக்கா?"

பனி இறங்கியது.
மூட்டைகளுக்கு இடையில் ஒரு நாய் சுருண்டது.
காலையில் ஊழியர் வந்து கையை நெல்லுக்குள் விட்டு
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போடுவார்.
நேற்று பத்தொன்பது காட்டியது.
பதினேழுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.
பட்டியலில் எனக்குக் கீழே இருப்பவனுக்குப்
பதினாறு காட்டினால்
என்னைத் தாண்டிப் போய்விடுவான்.
அதையும் ஜெயிப்பு என்று
இருபத்தாறோடு சேர்ப்பான், எனக்குத் தெரியும்.

தூங்கிவிட்டான் என்று நினைத்துத்தான் கேட்டேன்.
"வைத்தி, அந்த ரெண்டாவது கோலு.
பந்து உன் கையில பட்டுச்சா இல்லையா?"

தார்ப்பாய் சரசரத்தது.
தூரத்தில் அறுவடை மிஷின் ஒன்று
விளக்கோடு திரும்பியது.

"எல்லாரும் தோள்னுதானே சொன்னாங்க" என்றான்.

"நீ என்ன சொல்றே?"

"காலையில
உன் நெல்லு எத்தனை காட்டுதுன்னு பாப்பம்.
அப்புறம் சொல்றேன்."