மரத்துக்கும் வாய்க்கும்

முப்பது வருடம் ஜன்னல் சட்டங்களுக்கு
ஆளிவிதை எண்ணெய் பூசியவர் போகுவெர்.
மூடியைத் திருகும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும்:
கசப்பேறியது மரத்துக்கு,
புல் மணப்பது வாய்க்கு.

லூபெனாவ் ஆலையில் காலையில் பிழிந்தது.
கறுப்புக் குப்பி.
வெயில் ஆகாது, அடுப்பு ஆகவே ஆகாது என்கிறாள் ஆலைக்காரி,
பச்சைக் குழந்தையைக் கைமாற்றுவதுபோல்.
வால்நட் எண்ணெயும் கேட்டு, விலை கேட்டு, வைத்துவிட்டார்.

வீட்டில் வெள்ளரி சீவி,
உப்பும் சதகுப்பையும் தூவி,
ஒரே ஒரு கரண்டி.
அடுப்பு சும்மா நிற்கிறது.

ஹான்ஷா ஒன்றும் சொல்லவில்லை.
கிண்ணத்தை ரொட்டியால் துடைக்கிறாள்.

எப்போதோ பூசியது
ஜன்னலில் இறுகி மழையைத் தடுக்கிறது.
குப்பியில் இருப்பதற்கு
மூன்று வாரம்தான் ஆயுள்.
மூடியில் தேதி எழுதுகிறார்,
வீட்டிலேயே மெல்லிய பிரஷ்ஷால்,
வெள்ளை பெயின்ட்டில்.