சிவப்பு விளக்கு அணையட்டும்

காசிமேட்டில் அமலதாசின் புதுப் படகு
கடல் தொட்ட நேரம்
என் கேமரா ‘கார்டு இல்லை’ என்றது.

இருந்தது. நான்தான் திணித்திருந்தேன்.
சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஈரக் கையால்,
நகரும் படகிலேயே கண்ணை வைத்துக்கொண்டு.
பாதியில் தடுத்தது.
தடுத்தால் அமுக்குவதுதானே நம்ம பழக்கம்,
ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளை,
துருப்பிடித்த ஷட்டர் பூட்டை.
கட்டைவிரலால் ஒரு அமுக்கு.
உள்ளே நெத்திலி முள் ஒடிகிற மாதிரி
ஒரு சத்தம்,
அதைவிடச் சின்னதாக.

படகு போய்விட்டது.
மாலையில் உதிர்ந்த சாமந்தி மட்டும்
அலையில் திரும்பி வந்தது.
அமலதாஸ் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மண்ணடி மாடியறையில் ஷாகிதா பானு
பேட்டரியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்து,
பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினாள்.
ஐம்பது ஊசி, இரண்டு வரிசை.
மேல் வரிசையில் ஒன்பதாவது மட்டும்
பக்கத்து ஆள் தோளில் தூங்கிப்போன
கும்மிடிப்பூண்டி லோக்கல் பயணி.
கார்டைத் திருப்பினாள்.
அதே ஒன்பதாம் துளையில்
ஒற்றை மணல்.

லெட் தீர்ந்த மைக்ரோடிப் பென்சிலின் மூக்கை
ஊசிமேல் தொப்பியாய்க் கவிழ்த்து
மூச்சை நிறுத்தி நிமிர்த்தினாள்.
‘ஒரு தடவை நிமிரும். அடுத்த தடவை உடையும்.
அப்புறம் போர்டு மாத்தணும்ணே,
அந்தக் காசுக்கு நீ வேற கேமராவே வாங்கிடலாம்.’
எண்ணூறு ரூபாய். ரசீது கிடையாது.

அதிலிருந்து கார்டுக்குத் தனி டப்பா,
மகள் பாசிமணி போட்டு வைத்திருந்தது.
போடுமுன் துளைப்பக்கத்தை
உள்ளங்கையில் இரண்டு தட்டு.
வாயால் ஊத மாட்டேன், எச்சிலும் ஈரம்தான்.
மூடியின் உட்புறம் வெள்ளை மார்க்கரில் ஓர் அம்பு:
லேபிள் இந்தப் பக்கம்.
நுனிவிரலால் விடுவேன், இறங்கும் மட்டும் இறங்கட்டும்.
தடுத்தால் வெளியே எடுத்துப் பார்ப்பேன்.
வீட்டில் அதை உருவுவதே இல்லை, கேபிள்தான்.
எண்ணூர்ப் பக்கம் சாம்பல் காற்று அடிக்கும் நாளில்
தெருவில் நின்று மூடி திறப்பதில்லை.
லைட் பிடிக்கும் தணிகா சிரிப்பான்:
‘குழந்தைக்கு மருந்து ஊத்துற மாதிரி பண்றியே.’

போன மாசி. தண்டையார்பேட்டை மண்டபம்.
முகூர்த்தம் முடிய ஆறு நிமிஷம்.
கார்டு நிறைந்துவிட்டது.
சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது:
இன்னும் எழுதுகிறேன், தொடாதே.
நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பிவிட்டது.
மாப்பிள்ளை கையில் தாலி.
‘ஒரு நிமிஷம்’ என்றேன்,
என் குரல் எனக்கே அதிகமாய்க் கேட்டது.
‘செல்லுல எடுத்துக்கலாம், கட்டுப்பா’ என்றார் மாமன்.
அட்சதைக் கைகள் பின்னாலிருந்து நெருக்கின.
விளக்கு சிமிட்டியது.

எழிலரசி தலையைத் தூக்கினாள்.
விடிகாலையிலிருந்து நான் எடுத்த
முந்நூற்றுச் சொச்சம் படத்தில்
எதிலும் நிமிராத தலை.
‘தண்ணி’ என்றாள்.
யாரோ பாட்டில் நீட்டினார்கள்.
உதட்டுச் சாயம் பார்க்காமல் மூன்று மடக்கு.
பிறகு மாப்பிள்ளையிடம் குனிந்து ஏதோ கேட்டாள்.
யாருக்கும் கேட்கவில்லை.
அவன் தாலியை மடியில் இறக்கி
கொஞ்சம் யோசித்து
‘சரி’ என்று தலையாட்டினான்.

விளக்கு அணைந்தது.
தட்டு, தட்டு. அம்பு. நுனிவிரல்.
போய் உட்கார்ந்தது.
‘ஆச்சா?’ என்று கேட்டது அவள்தான்.
ஆச்சு என்றேன்.

அந்த நிமிஷம் ஆல்பத்தில் இல்லை,
இரண்டு கார்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.
அடுத்த படத்தின் ஓரத்தில்
ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் மட்டும்
மூடி போடாத ஒரு தண்ணீர் பாட்டில்.
அதை அழித்துக் கொடுக்கச் சொன்னார் மாமன்.
மறுநாள் அவளே போன் செய்தாள்.
‘அது அப்படியே இருக்கட்டும்.’