பரந்தன் ஆலையில் டெமோ

"சேர் வரேல்லையோ பிள்ளை?"
ஆலைக்காரர் என் தோளுக்கு அங்கால
ஸ்கூட்டியைப் பார்க்கிறார்.
நான்தான் சேல்ஸ். சேரும் நான்தான்.

உமி படிந்த மேசையில் லப்டொப்பை விரித்தேன்.
நெல் வரவு, கடன், பில்.
கலியாணம் முடிச்சாச்சோ என்று கேட்டார்,
விலையைக் கேட்கவில்லை.

கரண்ட் போனது.
மெஷின் இரைச்சல் அடங்க
மெல்லக் கேட்டார்:
"திரும்ப ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு
ஓட வேண்டி வந்தா
இந்தக் கணக்கு இருக்குமோ?"

கொழும்பு தந்த நாற்பது ஸ்லைட்டில்
அந்தக் கேள்வி இல்லை.

"இருக்கும்" என்றேன்.
என் ஓ.எல். சேட்டிபிக்கற்
மாத்தளன் மணலில் போனதைச் சொல்லவில்லை.

மாத றிப்போட்டில்
வாங்கிய காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
பேக்கப் வசதி.

நாளைக்கு முறிகண்டியில்
ஒரு ஹாட்வெயார்.