மணிக்கு நாற்பது சென்ட்

சுமையோடு எழுபத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது பவுண்டு.
கொட்டிவிட்டுத் திரும்பினால் இருபத்தேழாயிரத்துச் சொச்சம்.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
மெர்ல் ஹாஸ்டெட்லரின் மக்காச்சோளம்.
ஈரத்துக்குக் கொஞ்சம் வெட்டு.
அயோவாவின் அக்டோபரில் ஒரு நாளைக்கு
நூற்றுப்பத்து லாரிகள் இப்படி
என் ஜன்னலுக்குக் கீழே ஏறி இறங்கும்.
எடை போடுவது என் பிழைப்பு.
அதனால் என் பட்டத்தையும் போட்டுப் பார்த்தேன்,
லாரி வராத ஒரு கால்மணி நேரத்தில்,
ரசீதின் முதுகில்.

சமுதாயக் கல்லூரி.
இரண்டு வருடப் படிப்பு,
மாலை வகுப்புகளில் எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.
கடன் ஏழாயிரத்து நானூறு டாலர்.
வேனுக்குப் பெட்ரோல்,
மகனைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஒடெட்டுக்கு
வெள்ளிக்கிழமைதோறும் இருபது,
இவற்றை எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன்.

என்ன பட்டம் என்று கேட்டால்
கலைப் பிரிவு என்பேன்.
படம் வரைவாயா என்பார்கள்.
இல்லை. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் தர்க்கம்,
கற்களின் வயது பற்றி ஒரு பருவம்,
கட்டுரை எழுதுவது இரண்டு பருவம்.
ஓ, என்பார்கள்.
அந்த 'ஓ' எத்தனை பவுண்டு என்று எனக்குத் தெரியும்.

என் தங்கை கொரின் அதே கல்லூரியில்
பல் சுத்தம் செய்யப் படித்தாள்.
மணிக்கு முப்பத்தெட்டு டாலர்.
ஊர் வாய் முழுக்க அவள் கையில்.

எனக்கு,
பட்டம் எதுவானாலும் உண்டு என்று
மேலாளர் வான் டிலட்சன் கூட்டித் தந்தது
மணிக்கு நாற்பது சென்ட்.
வருடத்துக்கு எண்ணூற்று முப்பத்திரண்டு.
வட்டியை மறந்துவிட்டால்
ஒன்பது வருடத்தில் கடன் அடையும்.
வட்டி என்னை மறக்காது.

எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாத ஒன்று மிச்சம்.
கட்டுரை வகுப்பில் ஒருமுறை
என் தாளின் ஓரத்தில், பென்சிலில்,
'நாமா, நாங்களா?' என்று கேட்டிருந்தார் திருமதி ஆபர்னதி.
எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
எதிரில் இருப்பவரை உள்ளே சேர்த்தோமா
வாசலிலேயே நிறுத்தினோமா
அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது.
அன்றோடு என் காது கெட்டது.
பாதிரியார் சொன்னாலும், வேட்பாளர் சொன்னாலும்,
வங்கியின் கடிதம் சொன்னாலும்,
மகனின் அப்பா தொலைபேசியில் சொன்னாலும்
உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுகிறேன்.

செப்டம்பர் கூட்டத்தில் வான் எழுந்து
'இந்த வருடம் நாம் வயிற்றைக் கட்ட வேண்டியிருக்கும்' என்றார்.
அறுவடை ஊக்கத்தொகை கிடையாது என்று அர்த்தம்.
மேசைமேல் டோனட் பெட்டி திறந்திருந்தது.
'எந்த நாம்?' என்றேன்.
துணிச்சல் எல்லாம் இல்லை.
எழுத்துப் பிழையைக் கண்ட கைபோல
வாய் தானாகப் போனது.
யாரோ மெல்லுவதை நிறுத்தினார்கள்.

அடுத்த சம்பளச் சீட்டில் நாற்பது சென்டைக் காணோம்.
மறுபரிசீலனையில், என்று ஒரு வரி.
ஆக, ரசீதின் முதுகில்,
வரவு பூஜ்யம். கடன் அப்படியே.
'வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்' என்கிறாள் கொரின்.
நாளெல்லாம் வாயைத் திறக்கச் சொல்பவள்.

மெர்லின் லாரி மறுபடி மேடை ஏறுகிறது.
கண்ணாடியை இறக்குகிறார்.
'கேள்விப்பட்டேன். எவ்வளவு போச்சு?'
'மணிக்கு நாற்பது சென்ட்.'
ஒரு விசில் அடிக்கிறார், நீளமாக.
அவ்வளவா என்ற விசிலா
அவ்வளவுதானா என்ற விசிலா,
கேட்பதற்குள் பின்னால் ஹாரன்.

எண் நிலைக்கக் காத்திருக்கிறேன்.
லாரி நின்ற பிறகும்
உள்ளே சோளம் சரிந்துகொண்டிருக்கும்.
கடைசி இலக்கம் சற்று நேரம்
பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் நடுவே
போய்ப் போய் வரும்.