மோதல் எல்லை

கானாடுகாத்தான் வீட்டுக்குள்
மூன்று நாள் லேசர் சுற்றியது.
தேக்குத் தூண் நாற்பத்தெட்டு:
ஒன்றை அளந்தேன்,
மற்றதெல்லாம் நகல்.
முட்டைவெள்ளை பூசிய சுவரின் மினுக்கு மட்டும்
இன்னும் பிடிபடவில்லை,
திரையில் பிளாஸ்டிக்காகவே நிற்கிறது.

இரண்டாங்கட்டில் ஓர் அறை.
பங்காளி பதினொருவர்,
பூட்டு ஒன்று,
சாவி ஈப்போவில்.
வைரவன் பூட்டை ஆட்டிக் காட்டினார்:
"இத வேணா எடுத்துக்கங்க."
எடுத்துக்கொண்டேன், கதவை.
உள்ளே எதுவும் வரையவில்லை.

சோதனை இரவில் உமையாள் கூப்பிட்டாள்:
கதவுக்கு மோதல் எல்லை போட மறந்துட்ட,
எல்லாரும் உள்ள போறாங்க.

பார்த்தேன்.
முற்றத்தில் ஆளில்லை.
தூண்களை ஒருவரும் சுற்றவில்லை.
சாம்பல் வெறுமைக்குள்
இருபத்தாறு பேர்,
காலடியில் தரையில்லை,
இல்லாத சுவரைத் தடவித் தடவி
சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.