திரும்பும் பாதி

நவம்பர். பூடோ துறைமுகத்தை ஒட்டி மூன்றாம் மாடி.
மதியம் மூன்றுக்கே இருட்டிவிட்டது.
வெள்ளைப் பலகையில் தூர்பியோர்க்
இரண்டு பெட்டிகள் வரைந்தாள்:
பயணி. சரக்கு.
உலகம் இவ்வளவுதான் என்பதுபோல்
பேனாவை மூடினாள்.

பயணிக்கு வயது உண்டு, சலுகை உண்டு.
சரக்குக்கு நீளம் உண்டு, எடை உண்டு.
கண்ணின் நிறம் வேண்டாம்.
எதற்கு அழுதுகொண்டே ஏறினாள் என்பது வேண்டாம்.
படகுக்குத் தேவையில்லாததை உரித்துப் போடு
என்றான் ஹால்வார்.
வெங்காயம்போல் உரித்தோம்.
கண் எரியவில்லை.
கைதேர்ந்தவர்கள் என்று எங்களுக்குப் பெயர்.

மிதிவண்டி? பயணியின் கைப்பொருள்.
நாய்? அரை மணி நேரச் சண்டை,
பிறகு அதுவும் கைப்பொருள்.
அஸ்லாக் ஓட்டிவரும் எழுபது கலைமான்கள்
லாரியின் நீளத்துக்குள் அடங்கிப்போயின.
போன குளிர்காலத்தில் ஒரு பையன்
சறுக்கு வண்டியில் பனிமனிதனை ஏற்றி வந்தானாம்;
எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் நிறுத்தினானாம்;
அக்கரை சேர்கையில் ஒரு கேரட், கொஞ்சம் தண்ணீர்.
பாதிக் கடலில் எந்த ஆப்ஜெக்டும்
தன் வகுப்பை மாற்றிக்கொள்ளக் கூடாது
என்றேன் நான்.
சிரித்தார்கள். எழுதியும் வைத்தார்கள்.

புதனன்று குன்வோர் வந்தாள்,
ஸ்டைன்வேர் தீவுப் படகில் சீட்டு கிழிப்பவள்.
ஆரஞ்சு மேலங்கி, டீசல் வாசனை.
எங்கள் திரையை ஒரு விரலால்
கதவு தட்டுவதுபோல் தட்டித் தட்டிப் பார்த்தாள்.
எல்லாம் சரி என்றாள்.
பிறகு, நாளை மாலை சவ ஊர்தி வருகிறது,
உள்ளே இருப்பவரை எங்கே அமுக்குவது
என்று கேட்டாள்.

ஊர்தி ஆறு மீட்டர்,
ஆறு மீட்டருக்குக் கட்டணம்,
உள்ளே இருப்பது சரக்கு என்றான் ஹால்வார்.

"ஆன்ஸ்கார் போன மாதம்
என்னிடம்தான் சீட்டு வாங்கினார்.
ஆஸ்பத்திரிக்குப் போக, வர.
திரும்பும் பாதி இன்னும் செல்லும்."

ஹீட்டர் மட்டும் பேசியது.

தூர்பியோர்க் இரு பெட்டிகளுக்கும் மேலே
மூன்றாவது ஒன்று வரைந்தாள், புள்ளிக் கோட்டில்.
அருவ வகுப்பு.
அது உருவெடுத்து எந்தப் படகிலும் ஏறாது;
ஏறுகிற எல்லாம் அதன் பிள்ளைகள்.
பெயர் வைக்க வேண்டுமே.
நான் வாய் திறக்கவில்லை.
என் மொழியில் அங்கேயே முட்டும்:
கடப்பவர் என்றால் லாரிகள் பொருந்தா,
கடப்பது என்றால் அவர் பொருந்தார்.
மூச்சு நின்றதும் திணை மாற்றிவிடும் மொழி,
நேற்று வந்தார்,
இன்று கிடக்கிறது.
அவர்கள் மொழியில் என்ன முட்டியதோ,
அவளும் எழுதவில்லை.
கேள்விக்குறி ஒன்றைப் போட்டு
கோட் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழன், ஐந்து நாற்பது படகு.
நான் பார்க்கவில்லை, பதிவேடு சொல்கிறது:
வாகனம் ஒன்று, ஆறு மீட்டர், கட்டணம் பெறப்பட்டது.
அடுத்த வரியில் இருவழிச் சீட்டொன்றின்
திரும்பும் பாதி துளையிடப்பட்டிருக்கிறது.
ஏறிய பயணிகள்: இருபத்தாறு.
பயன்பட்ட சீட்டுகள்: இருபத்தேழு.

ஆள் கணக்கு உதைக்கிறது என்று
காலையில் பிழை அறிக்கை வந்தது.
உயிர்க்கவசம் எண்ணும் கணக்கு அது, விளையாட்டில்லை.
ஹால்வார் நெடுநேரம் திரையைப் பார்த்தான்.
எண்ணிக்கையைச் சீட்டிலிருந்து பிரித்து
தலைகளோடு கட்டினான்; அந்த வரை ஒழுங்கு.
மிஞ்சிய ஒரு சீட்டை மட்டும்
எதோடும் கட்டவில்லை.

பிழை எண் நானூற்றுப் பதினொன்று.
நிலை: திறந்திருக்கிறது.
பொறுப்பு: என்று கேட்கும் கட்டத்தில்
யாரோ குன்வோரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.
அவளுக்கு எங்கள் கணினியில் கணக்கே கிடையாது.